நாகூர் வரை ஒரு வெள்ளோட்டம்

காரைக்காலில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஊர் சீக்கிரம் தீர்ந்துவிடும். நெடுங்காட்டில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து மேற்கே மிதித்தால் கால் மணி நேரத்தில் தமிழ்நாடு. வடக்கேயும் அப்படித்தான். தெற்கே மட்டும் கொஞ்சம் நீளம். காரைக்கால், திருமலைராயன்பட்டினம் எல்லாம் தாண்டி ஒன்றரை மணி நேரம் தாங்கும். கிழக்கே கடல். எந்தச் சாலையில் போனாலும் முடிவில் ஒரு குறுக்குக் கம்பு, ஒரு கீற்றுக் கொட்டகை, காக்கி உடுப்பில் மூன்று நான்கு பேர். அந்த வருடங்களில் தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்தது. எங்கள் பக்கம் கடைகள் திறந்திருந்தன. அதனால் எங்கள் ஊரிலிருந்து போகிற மூட்டை எதுவாக இருந்தாலும் அவர்கள் பிரித்துப் பார்ப்பார்கள்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தலத்தெருப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முழுசாகப் படித்து வெளியே வந்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்ல எனக்கு ஒருநாளும் கூச்சம் வந்ததில்லை. தினமும் காலையில் எட்டு கிலோமீட்டர், மாலையில் எட்டு கிலோமீட்டர் சைக்கிளில் போய் வருவேன். சேலை கட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் மிதிக்கிற பெண் அந்தச் சாலையில் வேறு யாரும் இல்லை. அதிலும் எனக்குப் பெருமை இருந்தது.

பெருமை எல்லாம் காலையில் போகும்போது மட்டும்தான். சாயங்காலம் ஐந்தரைக்குள் வீடு திரும்பியாக வேண்டும். பயிற்சிப் பள்ளி விடுதியில் இருந்தபோது ஆறு மணிக்குக் கதவைப் பூட்டினார்கள். வீட்டில் பூட்டு இல்லை. அம்மா வாசலில் நின்றாள். காலையில் கிளம்பினால் அன்றைக்கே திரும்பத் தேவையில்லாத ஒரு பயணம் எனக்கு வேண்டியிருந்தது. எங்கே போவது என்பதுகூட இரண்டாவதுதான். வகுப்பில் தொங்கிய தமிழ்நாட்டுப் படத்தில் குச்சியை வைத்துக் காட்டிக் காட்டிப் பழகியிருந்ததால் கன்னியாகுமரி என்று முடிவு செய்தேன். நான் அதுவரை பார்த்த தென்கோடி நாகப்பட்டினம்.

ஐப்பசி அடைமழையில் திட்டம் போட ஆரம்பித்தேன். படத்தின் மேல் தையல் நூலை வளைத்து வளைத்து வைத்து, அப்புறம் அளவுகோலில் நீட்டிப் பார்த்தேன். கரையோரமாகவே போனால் ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர். அரையாண்டு விடுமுறை பத்து நாள். எட்டு நாள் மிதிப்பது, ஒரு நாள் சைக்கிளைப் பஸ் கூரையில் போட்டுக்கொண்டு திரும்புவது, ஒரு நாள் கையிருப்பு. மார்கழியில் மழை ஓய்ந்திருக்கும். வெயிலும் ஏறாது. முக்கியமாக, வாடைக்காற்று வடக்கிலிருந்து அடிக்கும். தெற்கே போகிறவளை முதுகில் பிடித்துத் தள்ளும். இதைக் கண்டுபிடித்த அன்று, வேறு யாருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

தங்குவதற்கு, வழியிலிருந்த ஊர்களின் பெண்கள் பள்ளித் தலைமை ஆசிரியைகளுக்கு, பதில் எழுதி அனுப்ப இன்னொரு அட்டையும் சேர்ந்து வரும் ரிப்ளை கார்டு போட்டேன். ஒன்பது பேருக்கு எழுதியதில் ஐந்து பேர் பதில் போட்டார்கள். ஒருவர், பள்ளிக்கூட அறை ஒன்றில் படுத்துக்கொள்ளலாம், பாய் கொண்டு வரவும் என்று எழுதியிருந்தார். இன்னொருவர், மூத்த பெண்மணி யாராவது துணைக்கு வந்தால் நல்லது என்றிருந்தார். வேதாரண்யத்துக்குத் தெற்கே ஓர் ஊரிலிருந்து வந்த கார்டில், "இப்பக்கம் கிணற்று நீர் உப்பு. குடிநீர் தாராளமாகக் கொண்டு வரவும்" என்று இருந்தது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். ஊர், தூரம், போய்ச் சேரும் நேரம், யார் வீடு, என்ன அடையாளம்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கன்னியாகுமரில நமக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்லம்மா."

"யாரும் இல்லாத ஊருக்கு எதுக்குடி போற?"

முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவளே தொடர்ந்தாள். "தை பொறந்தா பொண்ணு பாக்க வர்றாங்க. வெயில்ல கருத்துப்போயி நிப்பியா?"

"மார்கழில ஏதும்மா வெயிலு?"

"அப்ப பனில இருமிக்கிட்டு நிப்ப."

தை பிறந்தால் பெண் பார்க்க வருவார்கள் என்பதுதான் விஷயம். அடுத்த மார்கழியில் நான் வேறொருவர் வீட்டில் இருப்பேன். அங்கே வாசலில் யார் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியாது. போனால் இந்த மார்கழியில் போக வேண்டும். அம்மாவை மீறலாம். அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மீற முடியாது. அப்பா அதிகம் பேசமாட்டார். பேசினால் அந்த வார்த்தையிலிருந்து நகரமாட்டார்.

அப்பா வயலில் கூலி வேலை செய்தார். எழுத்துத் தெரியாது. நான் நான்காம் வகுப்பு படிக்கையிலேயே வீட்டுக்கு வருகிற காகிதமெல்லாம் என் கைக்கு வந்துவிட்டது. ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, வாய்க்கால் தகராறில் வந்த நோட்டீசு, எது வந்தாலும் நான் படிப்பேன். எங்கே வைக்கச் சொல்கிறேனோ அங்கே பெருவிரலை வைப்பார். கையெழுத்துப் போடக் கற்றுத்தருகிறேன் என்று ஒருமுறை பலகையோடு உட்கார்ந்தேன். "அதான் நீ இருக்கியே" என்று எழுந்து போய்விட்டார்.

பயணத்தைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு மாதம் "பாப்போம்" என்றே சொன்னார். கார்த்திகை முடிகிற சமயத்தில் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "மொதல்ல மூட்டை முடிச்செல்லாம் கட்டிக்கிட்டு நாகூரு வரைக்கும் போயிட்டு வா. ஒரே நாள்ல போயித் திரும்பிட்டின்னா அப்பறம் பாப்போம்" என்றார். அது பாதிச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூட்டையில் எல்லாம் அடங்கியது, தண்ணீரைத் தவிர. தூக்குவாளி தளும்பும். பாட்டில் போதாது. அப்போது எனக்கு ட்யூப் ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் வளர்ந்த யாருக்கும் வந்திருக்கும். ஸ்கூட்டர் ட்யூபை வெட்டி, ஒரு முனையைக் கட்டி, ஊற்றி, மறுமுனையையும் கட்டினால் உடம்பிலும் சுற்றலாம், சைக்கிளிலும் சுற்றலாம். சிறுவயதிலிருந்து பார்க்கிறோம். சரக்குக் கடத்துகிறவர்கள்தான் அப்படிச் செய்வார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நான் ஊற்றப்போவது சீரகத் தண்ணீர். பானையில் ஊற்றினாலும் தண்ணீர், ட்யூபில் ஊற்றினாலும் தண்ணீர், அவ்வளவுதான் நினைத்தேன்.

காரைக்காலில் சைக்கிள் கடைக்காரரிடம் பழைய ட்யூப் கேட்டேன்.

"எத்தன லிட்டரு புடிக்கணும் டீச்சர்?"

"நாலு."

"சணலக் கொஞ்சம் நனைச்சுக் கட்டுங்க, ஒழுவாது." பிறகு தலையை ஆட்டிக்கொண்டே சிரித்தார். "நீங்களுமா டீச்சர்."

ஊரே என் பயணத்தைப் பற்றிப் பேசுகிறது போலிருக்கிறது என்று எண்ணி நானும் சிரித்தேன்.

ட்யூபைப் புளி போட்டுக் கழுவி, கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி கழுவினேன். அம்மா சீரகம் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். முனையை இழுத்துக் கட்டும்போது அவளே காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை.

மார்கழி முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். காரியரில் பாய், போர்வை, மாற்றுச் சேலை, பம்பு, பஞ்சர் சாமான். எல்லாவற்றுக்கும் அடியில், பாம்பு சுருண்ட மாதிரி அந்த ட்யூப். காற்று சொன்னபடி முதுகில் தள்ளியது. திருமலைராயன்பட்டினம் தாண்டும்போது மணி எட்டரைகூட ஆகவில்லை. எட்டு நாளில்லை, ஏழு நாளிலேயே போய்விடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே எல்லைச் சாவடிக்கு வந்தேன்.

அங்கே ஏட்டு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் மப்ளர்.

"எங்கம்மா?"

"நாகூர்."

"நாகூருக்குப் பாய் எதுக்கு? அங்க பாய் கெடைக்காதா?"

கூட இருந்த காவலர் சிரித்தார். மூட்டையைப் பிரித்துக்கொண்டே வந்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஐயா, இங்க வந்து பாருங்க" என்றார். ஏட்டு எழுந்து வந்தார். ட்யூபைக் கையில் எடுத்து எடை பார்த்தார்.

"இது என்ன?"

"சீரகம் போட்டுக் காய்ச்சிய நீர்" என்றேன். அந்நியர்களிடம் நான் புத்தகத் தமிழில்தான் பேசுவேன்.

அவர் முடிச்சை அவிழ்த்து முகர்ந்தார். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். காறித் துப்பினார். "ஆமா, தண்ணிதான். ரப்பரு நாறுது" என்றார். எனக்கு நிம்மதி வந்தது. மூட்டையைத் திருப்பிக் கட்டக் குனிந்தேன்.

"இரும்மா. இன்னிக்கித் தண்ணி. அடுத்த வாரம் என்ன வரும்? நாங்க புடிக்கிறமா, விடுறமான்னு வெள்ளோட்டம் பாக்க வந்தியா?"

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். நான் தலையை நிமிர்த்திச் சொன்னேன். "ஆமாம், இது வெள்ளோட்டம்தான். விடுமுறையில் கன்னியாகுமரி வரை தனியாகப் போகிறேன். வேண்டுமானால் பாருங்கள்." நோட்டை எடுத்து நீட்டினேன்.

அவர் நிதானமாகப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். கரையோர ஊர்கள். ஒவ்வோர் ஊருக்கும் தூரம், நேரம். யார் வீடு, என்ன அடையாளம். ஒரு பக்கத்தில் 'நான்கு லிட்டர் போதுமா? இரண்டு ட்யூப்?' என்று நானே எழுதியிருந்தேன். அந்த வரியைக் காவலருக்குப் படித்துக் காட்டினார்.

ரிப்ளை கார்டுகளையும் காட்டினேன். "தலைமை ஆசிரியை எல்லாம் இதுல இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார்.

என் வார்த்தை அங்கே எடுபடவில்லை. அப்பா வரவேண்டும் என்றார். காரைக்கால் போகிற பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார்கள். சாவடியின் பெஞ்சில் ஒன்பது மணியிலிருந்து மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தேன். என் சைக்கிள் கம்புக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் நின்றது. பெஞ்சு இந்தப் பக்கம். ஒவ்வொரு பஸ்ஸையும் நிறுத்தி, சோதித்து, அனுப்பினார்கள். ஜன்னல்களிலிருந்து என்னைப் பார்த்தார்கள். எங்கள் பள்ளியில் படிக்கிற ஒரு பிள்ளையின் தாயார், "டீச்சர், இங்கயா வேலை மாத்திட்டாங்க?" என்று கேட்டுவிட்டு, காவலரைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். டீக்கடைக்கார அம்மாள் டீ கொடுத்தார். ஏட்டு கெட்டவர் இல்லை. வெயில் திரும்பியபோது பெஞ்சை நிழலுக்கு நகர்த்தச் சொன்னார். அதனால் என் அவமானம் ஒன்றும் குறையவில்லை.

அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கினார். வாய்க்காலில் ஆகாயத்தாமரை அள்ளிக்கொண்டிருந்த இடத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறார். முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. என்னைப் பார்க்காமல் நேரே ஏட்டிடம் போய், தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். சம்பளம் வாங்குகிற பெண்ணைப் பெற்றவர் துண்டைக் கக்கத்தில் வைப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்க பொண்ணா?"

"ஆமாங்க. வாத்தியாரு வேலை பாக்குதுங்க."

"தெரியிது. வாத்தியாரு வேலை பாக்குற பொண்ணு ட்யூபக் கட்டிக்கிட்டு வரலாமா?"

"தாகத்துக்குங்க. எங்கூட்டுலதான் காச்சி ஊத்துனோம்."

ஏட்டு பெருமூச்சு விட்டார். கேஸ் எதுவும் போடவில்லை, எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். அவரே ஒரு தாளில் எழுதினார். எழுதி முடித்ததும் ஒரு லாரி வந்தது. "இதுல ஒரு நகலு மத்த சாவடிக்கெல்லாம் போவும். நீதான் டீச்சராச்சே, அப்பாவுக்குப் படிச்சுக் காட்டி ரேகை வாங்கு" என்று தாளையும் மைப்பெட்டியையும் என்னிடம் தந்துவிட்டு லாரிக்குப் போனார்.

தாளில், அப்பா சொல்வதுபோல, மூன்று விஷயங்கள் இருந்தன. என் மகள் இன்ன சைக்கிளில் ட்யூப் கொண்டுவந்து சாவடியில் நிறுத்தப்பட்டாள் என்பது ஒன்று. சைக்கிளின் எண்ணையும் எழுதியிருந்தார். சோதித்ததில் அது குடிநீர் என்று தெரிந்து திருப்பி ஒப்படைக்கப்பட்டாள் என்பது இரண்டு. இனி அவளைத் தனியாகச் சைக்கிளில் எல்லை தாண்டி அனுப்பமாட்டேன், மீறினால் என்மேல் எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன் என்பது மூன்று.

முதல் இரண்டையும் உரக்கப் படித்தேன். நிறுத்தினேன்.

அப்பாவை எனக்குத் தெரியும். மூன்றாவதைக் கேட்டால் அது அவர் சொன்ன வார்த்தையாகிவிடும். அப்புறம் அவரிடம் போய்க் கேட்க ஒன்றும் இருக்காது. இரண்டோடு விட்டால் "பாப்போம்" அப்படியே இருக்கும்.

"அவ்ளோதானா?" என்றார்.

"அவ்வளவுதாம்ப்பா."

பெருவிரலை நீட்டினார். வழக்கம்போல நான்தான் பிடித்து மையில் தோய்த்து, தாளில் வைத்து, உருட்டி எடுத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸுக்குக் காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. காரியரில் ஏறிக்கொண்டு பாயையும் போர்வையையும் மடியில் வைத்துக்கொண்டார். என் சைக்கிளில் அவர் ஏறியது அதுதான் முதல் முறை. எடையே இல்லாத மனிதர். இருந்தாலும் காற்று எதிரே இருந்ததால் நின்று நின்று மிதித்தேன். திருமலைராயன்பட்டினம் கடைத்தெருவில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதைத் தாண்டியதும் அப்பா என் முதுகுக்குப் பின்னால் பேச ஆரம்பித்தார். அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"தண்ணிதான்னு அவரே எழுதிட்டாருல்ல?"

"ம்."

"போலீசு எழுதுனா எழுதுனதுதான். மத்த சாவடிக்கும் போவுதுங்கிறாரு. இனிமே ஒன்ன எவனும் நிறுத்த மாட்டான்."

நான் மிதித்துக்கொண்டிருந்தேன்.

"நாகூரு கிட்டக்க வந்தாச்சு, அது போதும். நீ போயிட்டு வா பாப்பா. ஒங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

இரண்டு மாதமாகக் காத்திருந்த வார்த்தை அது. வண்டியை நிறுத்தவும் முடியவில்லை, திரும்பி அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. நெடுங்காடு வரை மிதித்தேன்.

விடுமுறைக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரமும் ஒவ்வொரு சாலையாக யோசித்தேன். தெற்குச் சாவடி வேண்டாம் என்றால் மேற்கே போய்ச் சுற்றலாம். அங்கேயும் நகல் இருக்கும். சைக்கிளைப் பஸ்ஸில் போட்டுத் தாண்டலாம். பஸ்ஸையும் ஏறிப் பார்க்கிறார்கள். ஒருவேளை அந்தத் தாளை யாரும் எடுத்தே பார்க்கமாட்டார்கள். பார்த்தால், சேற்றுக் காலோடு அப்பாவை மறுபடி வரவழைப்பார்கள். இந்த முறை அவர்களே படித்துக் காட்டுவார்கள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சொன்னால் பயணம் கைவிட்டுப் போகும், அது எப்படியும் போய்விட்டது. கூடவே, நான்காம் வகுப்பிலிருந்து நான் படித்துக் காட்டிய ஒவ்வொரு காகிதத்தையும் அவர் நினைத்துப் பார்ப்பார். அடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டு வேறு யார் வாசலிலாவது போய் நிற்பார். எழுந்து வந்துவிட்டேன்.

அவரோ சும்மா இருக்கவில்லை. ஒருநாள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தார். வயலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். விடுமுறை விட்ட அன்று சாயங்காலம், "நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்புற?" என்று கேட்டார்.

"போகலப்பா."

"ஏன்?"

வேறு காரணம் எதைச் சொன்னாலும் அதற்கு அவர் ஒரு வழி சொல்வார் என்று தெரிந்தது. "பயமா இருக்குப்பா" என்றேன்.

"பயமா? ஒனக்கா?" என்று என் பக்கம் திரும்பினார். "ஏட்டையாவ நெனச்சா? அவரு நல்ல மனுசன்ம்மா." பிறகு, "நாவப்பட்டணம் வரைக்கும் நான் கூட வரட்டுமா? பின்னாடி ஒக்காந்துக்கிறேன்."

"வேணாம்ப்பா."

அம்மா உள்ளேயிருந்து, "விடுங்களேன், இப்பயாவது புத்தி வந்துச்சே" என்றாள்.

பத்து நாளும் வீட்டில் இருந்து விடைத்தாள் திருத்தினேன். தையில் அறுவடை தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். அரிவாளோடு குனிந்திருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து, "என்ன டீச்சரு, கன்னியாகுமரிக்குப் போயிட்டு அதுக்குள்ள வந்துட்டிங்களா?" என்றாள். வரிசை முழுவதும் சிரித்தது.

அப்பா நெற்கட்டைத் தலையிலிருந்து இறக்கினார். "புள்ளைக்கிப் பயம் வந்துடுச்சு. பொம்பளப் புள்ளதானே. வேலையப் பாருங்க" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

"எங்க டீச்சருக்குமா பயம்?" என்று அவள் விடாமல் என்னைக் கேட்டாள். அப்பாவும் என்னைப் பார்த்தார்.

கஞ்சித் தூக்கை வரப்பில் வைத்தேன்.

"ஆமாக்கா" என்றேன். "ரொம்ப பயந்துட்டேன்."